இரண்டு பக்கமும் ஒரே சூடு

பணிமனையில் எனக்கு ரேடியேட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. சட்டென்று கொதித்துவிடுவேன், கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஆறிவிடுவேன், அதனால் அப்படி. முப்பது வருஷமாகப் பேருந்து மெக்கானிக். வண்டி வாசலில் திரும்பும்போதே எங்கே பழுது என்று சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன். அந்த மார்தட்டல் எப்படி அடங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தங்கையின் கணவர் அதே பணிமனையில் ஓட்டுநர். அவருக்குத் தொட்டில் என்று பெயர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கமாட்டார்கள். அழுகிற குழந்தை இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் அவரும் சிநேகிதர்கள். அதனால் எங்களுக்குள் மரியாதை தலைகீழ். சாதாரண நாளில் வா, போ. சண்டை வந்தால் வாங்க, போங்க. "சொல்லுங்க மாப்பிள்ளை" என்று நான் ஆரம்பித்தால் என் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நடுவில் நிற்பாள்.

ஒவ்வொரு வண்டிக்கும் எங்களிடம் ஒரு பழுதுப் புத்தகம் உண்டு. வண்டியை விட்டு இறங்கும்போது ஓட்டுநர் அதில் குறையை எழுதிக் கையெழுத்துப் போடுவார். எழுதிவிட்டால் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. மெக்கானிக் பார்த்து, பார்த்ததைக் கீழே எழுதி, 'வண்டியை எடுக்கலாமா' என்ற கட்டத்தில் ஆம் அல்லது இல்லை என்று போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மேலாளரே வந்து நின்றாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் சாவி கிடையாது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒரு நாள் மாப்பிள்ளை எழுதினார்: 'க்ளட்ச் சரியில்லை. பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது.' நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். க்ளட்ச் கச்சிதமாக இருந்தது. 'பார்த்தேன். பழுது இல்லை. ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே வரி. அப்புறம் மறுபடியும். நான்காவது தடவை, போனால் போகிறது என்று க்ளட்ச் தட்டையே புதிதாக மாற்றினேன்; புத்தகத்தில் மட்டும் 'பழுது இல்லை' என்றே எழுதினேன். ஐந்தாவது தடவையும் பஞ்சு என்றார். மதியத்துக்கு மேல் அதே வண்டியை ஓட்டுகிற இன்னொருவர் ஒரு குறையும் எழுதவில்லை. அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இந்த மனுஷன் வேண்டுமென்றே என்னை வம்புக்கு இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"க்ளட்ச் கல்லு மாதிரி இருக்குங்க மாப்பிள்ளை. உங்களுக்கு மட்டும் எப்படிங்க பஞ்சாயிடுது?"

"நீங்களே மிதிச்சுப் பாருங்க மச்சான்."

"மிதிச்சாச்சுங்க. மிதிச்சு மிதிச்சு என் செருப்புதான் தேஞ்சுபோச்சு."

ஏழாவது தடவை எழுதியபோது முந்தின நாள் சாயங்காலம்தான் பெடலைக் கழற்றி மாட்டியிருந்தேன். அப்போது ஒரு நட்டு எங்கேயோ விழுந்து தொலைந்து, வேறொன்றைப் போட்டுச் சமாளித்திருந்தேன். அந்தக் கடுப்பு வேறு. புத்தகத்தில் வழக்கம்போல் 'பழுது இல்லை' என்று கிறுக்கி அவர் கையில் திணித்தேன். "வண்டில ஒண்ணும் கழண்டு போகலைங்க. உங்களுக்குத்தான் ஏதோ கழண்டிருக்கு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பி நடந்தார்.

அவர் நடந்துபோன தரையில் ஒரு அடி விட்டு ஒரு அடி ஈரம் தெரிந்தது. எண்ணெய் என்று நினைத்தேன். தரையில் எண்ணெய் கசிந்தால் எனக்குப் பொறுக்காது; யார் வண்டி, எங்கே ஒழுகுது என்று ஆரம்பித்துவிடுவேன். குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தேன். எண்ணெய் இல்லை, ரத்தம்.

ஓடிப்போய் அவரைப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்காரவைத்து, க்ளட்சை மிதிக்கிற இடது காலின் ஷூவைக் கழற்றினேன். வண்டி ஓட்டுவதற்கென்று அவர் ஒரு ஜோடி ஷூவை இருக்கைக்கு அடியிலேயே வைத்திருப்பார். காலையில் வந்து அதை மாட்டிக்கொள்வார். நான் தொலைத்த நட்டு அந்த ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். உள்ளங்காலில் அது பதிந்து புண்ணாகியிருந்தது. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது புண் இல்லை, அந்தப் பாதம். நடுவில் வளைவே இல்லை. வளைவு இருக்க வேண்டிய இடம் கீழே புடைத்துக்கொண்டு, பாதம் முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மூணு மாசமா வீக்கமா இருக்கு. சுளுக்குன்னு நினைச்சேன்."

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"வலிக்கலையே" என்றார்.

அந்த ஒரு சொல்லை அடுத்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

பாதங்களுக்கு மட்டும் அறுவை செய்கிற மருத்துவர் ஒரு அம்மா. எங்கள் மேலாளரைவிடக் கறாரானவர். மாப்பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கும் நைலான் நூல் போன்ற ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே குத்தினார். "தெரியும்போது சொல்லுங்க" என்றார். அவர் குத்திக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகக் காத்திருந்தார். "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். என் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சர்க்கரை பதினஞ்சு வருஷமா இருக்கு. காலோட நரம்பெல்லாம் செத்துப்போச்சு" என்றார் மருத்துவர். "பாதத்துக்குள்ள எலும்பு உடைஞ்சிருக்கு. வேற யாராவதா இருந்தா வலி தாங்காம உட்கார்ந்திருப்பாங்க. இவருக்குத் தெரியலை, உடைஞ்சது மேலயே நடந்திருக்கார். நடந்து நடந்து நடுப்பாதம் கீழே இறங்கிடுச்சு."

நான் க்ளட்ச் விஷயத்தைச் சொன்னேன். ஏழு தடவை எழுதினார் என்றும் சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவர் சரியாத்தானே எழுதியிருக்கார்" என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் செருப்பால் அடித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. ஏழு கையெழுத்தும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

முதலில் இரண்டு மாதம் மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆறவைத்தார்கள். பிறகு அறுவை. பாதத்தின் நடுவிலிருந்து ஆப்பு வடிவத்தில் கொஞ்சம் எலும்பை வெட்டி எடுத்து, பாதத்தை நேராக்கி, குதிகாலுக்குப் பின்னால் இறுகிப்போயிருந்த தசைநாணைத் தளர்த்தி, காலுக்கு வெளியே வளையங்கள் மாட்டி, அந்த வளையங்களிலிருந்து எலும்புக்குள் கம்பிகளைக் கொடுத்து இழுத்துப் பிடித்துவிட்டார்கள். எலும்பு ஒட்டும்வரை மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். நான் பார்க்கப் போனபோது, பொய் சொல்வானேன், முதலில் நட்டுகளைத்தான் எண்ணினேன். அவ்வளவு சுத்தமான வேலை. எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அதுல கை வெச்சீங்கன்னா உங்களுக்கும் ஒண்ணு மாட்டிவிட்டுடுவேன்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "மூணு மாசம் இந்தக் காலைத் தரையில வைக்கக் கூடாது. ஒரு அடிகூடக் கூடாது. வெச்சா எலும்பு நகரும். நகர்ந்து உள்ள சீழ் பிடிச்சா, முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இருக்காது. சக்கர நாற்காலியிலயே இருங்க. அப்புறம், இன்னொரு காலையும் தினம் பாருங்க. பாரமெல்லாம் அதுமேலதான் விழும்." மூன்று பேரும் தலையாட்டினோம். முதலில் சொன்னதைக் கேட்ட அதிர்ச்சியில், கடைசியில் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

வலிக்காத காலை ஒருவன் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வான்? வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மழை சாரலடிக்கிறது என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தப் பார்த்திருக்கிறார். கம்பி மாட்டிய காலோடு இரண்டு அடி. தங்கை போனில் அழுதாள். நான் உடனே கொதித்தேன். ஆறியதும் ஒரு யோசனை வந்தது. பேருந்தில் நிறுத்தம் வரும்போது பயணிகள் அழுத்துகிற மணி இருக்கிறது அல்லவா, அந்தப் பொத்தான் ஒன்றைக் கழற்றினேன். மருத்துவரிடம் அனுமதி வாங்கி, உள்ளங்கால் அளவுக்கு ஒரு பலகை வெட்டி, அடியில் பொத்தானைப் பதித்து, கம்பிகளைத் தொடாமல் கடைசி வளையத்தில் பட்டையால் கட்டினேன். ஒரு பேட்டரி, ஒரு மணி. கால் தரையில் பட்டால் வீடு முழுக்க டிங் என்று கேட்கும்.

"பஸ்ல இறங்கறதுக்கு முன்னாடி பெல் அடிப்பாங்க. எனக்கு இறங்கின பிறகுதான் அடிக்குது" என்றார் மாப்பிள்ளை.

"அடிச்சுதுன்னா உன்னை மொத்தமா இறக்கி விட்டுடுவேன்" என்றாள் தங்கை.

கூடவே பணிமனையிலிருந்து எழுதாத பழுதுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். தினமும் காலையில் தங்கை அதில் எழுதுவாள்: 'இடது கால். கம்பிகளைச் சுற்றிச் சீழ் இல்லை. நேற்று மணி அடிக்கவில்லை.' ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். 'வண்டியை எடுக்கலாமா' என்ற கட்டத்தில் 'இல்லை.' என்னையும் ஷெட்டில் ஏற்றிவிட்டார்கள் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் மணி நான்கு தடவை அடித்தது. இரண்டாவது வாரம் ஒரு தடவை. அதற்கப்புறம் சத்தமே இல்லை. பணிமனையில் டீ குடிக்கும்போது என் மணியைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை. சக்கர நாற்காலி குளியலறை வாசலில் நுழையாது, சமையலறையிலும் நுழையாது. அதனால் என்ன என்று மாப்பிள்ளை நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு வலது காலாலேயே தத்தித் தத்திப் போகப் பழகிவிட்டார். மணி அடிக்காமல் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் செய்தும் காட்டினார். நானும் தங்கையும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

பதினோராவது வாரம் வந்தது. வியாழக்கிழமை வளையங்களைக் கழற்றுவதாக நாள் குறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீடே லேசாக இருந்தது. தங்கை பாடிக்கொண்டு துணி மடித்தாள். நான் பணிமனைப் பழக்கத்தில் கையை நீட்டினேன். வண்டி ஓடி வந்து நின்றதும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். இடது, வலது இரண்டையும் தொட வேண்டும். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பழுது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதியாகப் போகலாம். முப்பது வருஷமாக என் கை பேசுகிற பாஷை அது.

இடது பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பு. அறுவை செய்த கால் சில மாதம் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலது பாதத்தைத் தொட்டேன். அதே வெதுவெதுப்பு.

"ரெண்டு பக்கமும் ஒரே சூடு" என்றேன். "பழுது இல்லை."

புத்தகத்தில் அப்படியே எழுதி, கட்டத்தில் 'வியாழன் முதல் ஆம்' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. முன்சக்கரம் இரண்டையும் தொட்டேன். இரண்டும் ஒரே சூடு. சரி, போகலாம் என்று எழுந்தேன். பின்பக்கம் நடந்துபோய் வண்டிமேல் சாய்ந்தபோது பின்சக்கரத்தின் ஹப்பில் கை பட்டது. அது குளிர்ந்து கிடந்தது. மறுபடி முன்சக்கரத்தைத் தொட்டேன். சந்தேகமே இல்லை. முன்னால் இரண்டு பக்கமும் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் உரசிக்கொண்டிருந்தது. இரண்டும் கெட்டிருந்தால் இரண்டும் ஒரே சூடாகத்தான் இருக்கும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று நான் நல்ல காலை எதோடு ஒப்பிட்டேன்? வெட்டி, நேராக்கி, கம்பி ஏற்றிய காலோடு. அந்தச் சூடு இந்தக் காலுக்கு எதற்கு?

மேற்பார்வையாளரிடம் வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிரீஸ் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. கதவைத் திறந்த தங்கை, "என்னண்ணே, இந்த நேரத்துல?" என்றாள்.

"காலை நீட்டு."

"என்னது?"

"காலை நீட்டுன்னு சொல்றேன்."

நீட்டினாள். புறங்கையால் தொட்டேன். அவள் கூச்சத்தில் இழுத்துக்கொண்டாள். "என் காலைப் போய்த் தொட்டுக்கிட்டு, என்ன ஆச்சு உனக்கு" என்றாள். அவள் கால் சில்லென்றிருந்தது. என் செருப்பைக் கழற்றி என் காலைத் தொட்டேன், அதுவும் சில்லென்றுதான் இருந்தது. கூடத்துக்குப் போய் மாப்பிள்ளையின் வலது காலைத் தொட்டேன். சுட்டது. விரல்களுக்குப் பின்னால் பாதம் லேசாக உப்பி, செருப்பின் வார் பதிந்த தடம் இருந்தது. தங்கையையும் தொடச் சொன்னேன். தொட்டதும் அவள் முகம் மாறியது.

"மாப்பிள்ளை, கிளம்புங்க. டாக்டரைப் பார்க்கணும்."

நான் 'கிளம்புங்க' என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வலிக்கலையே" என்றார்.

"உங்களுக்கு எப்பங்க வலிச்சுது?"

"இன்னும் மூணு நாள் இருக்கு மச்சான். வியாழக்கிழமை இதைக் கழட்டட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். இப்பப் போனா இந்தக் காலுக்கும் கட்டுப் போடுவாங்க. ரெண்டு காலையும் கட்டிப்போட்டா நான் என்னங்க பண்ணுவேன்? பாத்ரூம் போகணும்னாகூட உங்க தங்கச்சிதான் தூக்கிட்டுப் போகணும்."

"நான் முடியாதுன்னு எப்போ சொன்னேன்?" என்றாள் தங்கை.

"நீ சொல்ல மாட்டே. என்னாலதான் முடியலை." அவர் என் பக்கம் திரும்பினார். "பதினோரு வாரம். ஒரு நாள் மணி அடிக்க விட்டேனா? சொன்னபடி கேட்டேன்தானே?"

கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. நாங்கள் எந்தக் காலைக் காப்பாற்றச் சொன்னோமோ அதை அவர் காப்பாற்றினார். நான் ஒரு காலுக்கு மணி கட்டி, எல்லார் காதையும் அந்தக் காலுக்கே திருப்பிவிட்டேன். இன்னொரு கால் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். கத்தல் வரவில்லை. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க ஏழு தடவை எழுதினீங்க. ஏழும் நிஜம். பழுது இருந்துச்சு. நான்தான் அதை வண்டில தேடிட்டு, உங்களை நாலு பேர் முன்னாடி கேலி பண்ணினேன். நேத்து எட்டாவதா ஒரு தப்புக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒன்பதாவதா ஒண்ணு போட்டுட்டு வியாழக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இருக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது மனுஷன், கையில் கிரீஸ், துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. தங்கை முந்தானையைக் கொடுத்தாள். மாப்பிள்ளை குனிந்து, நான் தொடுகிற மாதிரியே புறங்கையால் தன் வலது காலைத் தொட்டார். பிறகு பக்கத்தில் நின்ற தங்கையின் காலைத் தொட்டார். திரும்பவும் தன்னுடையதைத் தொட்டார்.

"கைக்குத் தெரியுது. காலுக்குத்தான் தெரியலை" என்றார். "அந்தப் புக்கை எடு."

எடு என்றார். எடுங்க என்று சொல்லவில்லை. எடுத்துக்கொடுத்தேன்.

அவர் நிதானமாக எழுதினார்: 'வலது கால். சூடாக இருக்கிறது. வலி இல்லை.' கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் எழுதிவிட்டால் வண்டி நகரக் கூடாது. அவர் வண்டியை அவரே நிறுத்திவிட்டார். நான் வாங்கி, 'பார்த்தேன். பழுது உண்டு' என்று எழுதி, கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன்.

மருத்துவர் வலது பாதத்தில் வெப்பமானியை வைத்தார், பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எலும்பு உள்ளுக்குள்ள நொந்துபோயிருக்கு. இன்னும் உடையலை" என்றார். "வியாழக்கிழமைக்கப்புறம் ரெண்டு காலாலயும் நடக்க ஆரம்பிச்சிருந்தா, இதுவும் அந்தக் கால் மாதிரி ஆகியிருக்கும். இப்போ கட்டுப் போட்டாப் போதும், வெட்ட வேண்டியதில்லை. யார் பார்த்தது?"

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"இன்னொரு காலையும் பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேனே."

மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

அன்றைக்கே வலது காலுக்கு மாவுக்கட்டு. வியாழக்கிழமை இடது காலின் வளையங்களைக் கழற்றி அதற்கும் ஒரு கட்டு. புதன்கிழமை விடுப்பு எடுத்து, நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்தேன். குளியலறைக் கதவையும் நிலையையும் பெயர்த்து, சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு வாசலை அகலமாக்கினேன். சமையலறைக்கும் அப்படியே. பதினோரு வாரத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம். மணி செய்வதில் இருந்த குஷி கதவைப் பெயர்ப்பதில் எனக்கு இல்லை, அவ்வளவுதான் உண்மை. மணியை மாப்பிள்ளை கேட்டு வாங்கித் தங்கையைக் கூப்பிட வைத்துக்கொண்டார். அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை திட்டினாள்.

இப்போது அவர் இரண்டு காலாலும் நடக்கிறார். இரண்டும் அவருடைய கால்கள். தடித்த அடி வைத்த தனி ஷூ, மாட்டுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். பெடலை உணராத காலை வைத்துக்கொண்டு பேருந்து ஓட்ட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவரும் ஒப்புக்கொண்டார், லேசில் இல்லை. நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிறார். வீட்டில் தினமும் காலையில் நாலு பாதங்களைத் தொட்டுப் பார்த்து எழுதுகிறார்கள், அவருடையது இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கையுடையது இரண்டு.

அவர் வேலைக்குத் திரும்பி வந்த அன்று நான் பண்டகசாலைக்குப் போய், அவர் ஓட்டிய அந்தப் பழைய வண்டியின் பழுதுப் புத்தகத்தைக் கேட்டேன். வண்டியை எப்போதோ உடைப்புக்கு அனுப்பியாகிவிட்டது. பண்டகக் காப்பாளர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். நான் பேனாவைத் திறந்ததும் தடுத்தார்.

"வண்டியே போயிடுச்சு. இப்போ போய் என்னத்தைத் திருத்தறீங்க?"

"கையெழுத்து போகலையே" என்றேன்.

ஏழு பக்கங்களையும் தேடி எடுத்தேன். 'பார்த்தேன். பழுது இல்லை' என்று நான் கிறுக்கியிருந்த ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் திருத்துகிற நாளின் தேதியைப் போட்டு, 'பழுது இருந்தது. ஓட்டுநர் எழுதியது சரி' என்று எழுதினேன். ஏழாவதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிப் பண்டகக் காப்பாளரிடமே கொடுத்தேன்.